இரும்பு குறைந்தால், அது எங்கே போனது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த ரத்தச்சோகைக் கட்டுரையைப் படித்தேன். களைப்பு, மூச்சு வாங்குதல், வெளிறிய இமை, படபடப்பு என்று அறிகுறிகளைச் சரியாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் போதும், சரியாகிவிடும் என்று கட்டுரை முடிந்திருந்தது. அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். அதே வரியை நம்பி என் அண்ணன் பதினான்கு மாதங்களை இழந்தார். நம்பியவர்களில் நானும் ஒருத்தி.

நான் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 31 ஆண்டுகள் நுட்பநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் இல்லை. ஆனால் ரத்தம் எனக்குப் பழகிய பொருள். ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துப் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால், இரும்பு போதாத ரத்தத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடுவேன். சிவப்பணுக்கள் சிறுத்து, நடுவில் வெளுத்து, ஓரத்தில் மட்டும் மெல்லிய வளையம்போல நிறம் ஒட்டியிருக்கும். இடையிடையே பென்சில்போல நீண்ட செல்கள் கிடக்கும். அப்படி ஆயிரக்கணக்கான தகடுகளைப் பார்த்து, 'செல்கள் சிறியவை, நிறம் குறைந்தவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். அந்த இரும்பு எங்கே போயிற்று என்று ஒரு தடவைகூட யாரிடமும் நான் கேட்டதில்லை. அது என் வேலை இல்லை என்று நினைத்திருந்தேன்.

அண்ணனுக்கு அப்போது 58 வயது. இரண்டு மாடி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது என்றார். பரிசோதித்தோம். ஹீமோகுளோபின் 9.4 கிராம். ஆண்களுக்கு 13-க்குக் கீழே இருந்தாலே ரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. பார்த்த மருத்துவர், வயதாகிறது, சாப்பாட்டைக் கவனியுங்கள் என்று சொல்லி இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று மாதத்தில் 11.8 ஆனது. எங்களுக்கு நிம்மதி. மாத்திரையை நிறுத்தினோம். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் 8.9. மறுபடி மாத்திரை, நான்கு மாதத்தில் 11.2. மறுபடி நிறுத்தினோம். மூன்றே மாதத்தில் 8.6. இதற்கு நடுவில் ஒருநாள் மலம் கறுப்பாகப் போகிறது என்று அண்ணன் சொன்னார். "மாத்திரையாலதான் அண்ணே, பயப்படாதீங்க" என்று சொன்னது நான். இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு பதிலோடு அதற்கப்புறம் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது முறை வேறொரு மருத்துவரிடம் போனோம். வயதில் இளையவர். மூன்று ரிப்போர்ட்டையும் வரிசையாக மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவர் ஆம்பளை. மாசாமாசம் ரத்தம் போகிற உடம்பு இல்லை. அப்போ இவ்வளவு இரும்பும் எங்கேம்மா போச்சு? யாராவது தேடிப் பார்த்தீங்களா?"

தேடினார்கள். மேலே வயிற்றுக்குள்ளும் கீழே பெருங்குடலுக்குள்ளும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் தொடங்குகிற இடத்தில், வலது பக்கத்தில், புற்றுக்கட்டி இருந்தது. அந்த இடத்தில் குடல் அகலமானது, உள்ளே போவது இன்னும் நீர்த்தே இருக்கும். அதனால் கட்டி பெரிதாகும்வரை அடைப்பும் வராது, வலியும் தெரியாது. ரத்தம் மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும். வலப்பக்கக் குடல் புற்றுநோய் பலருக்கு முதலில் ரத்தச்சோகையாகத்தான் வெளியே தெரிகிறது என்று அந்த மருத்துவர் சொன்னார். 31 ஆண்டுகள் ரத்தத்தோடு இருந்த எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு இரும்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, அந்த மருத்துவரின் கேள்விதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. காரணம், நம் உடம்பு இரும்பை நடத்துகிற விதமே அப்படி.

வளர்ந்த ஒருவர் உடம்பில் இருக்கும் மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம். சின்ன ஆணி ஒன்றின் எடை. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களில், ஹீமோகுளோபினுக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு ஹீமோகுளோபின் மூலக்கூறில் நான்கு இரும்பு அணுக்கள். ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்வது அவற்றில்தான். மீதி இரும்பில் பெரும்பகுதி கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேமிப்பாக இருக்கிறது. கொஞ்சம் தசைகளில். இன்னும் கொஞ்சம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தி உண்டாக்கும் நொதிகளில். இரும்பு குறைந்தவருக்கு ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே உடம்பு ஓய்ந்து போவது இதனாலும்தான்.

எலும்பு மஜ்ஜை ஒரு நொடிக்கு இருபது லட்சம் சிவப்பணுக்களைச் செய்கிறது. அதற்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உணவிலிருந்து நாம் உள்ளே எடுப்பதோ 1 அல்லது 2 மில்லிகிராம். மிச்சம் எங்கிருந்து வருகிறது? பழைய சிவப்பணுக்களிலிருந்து. ஒரு சிவப்பணுவுக்கு ஆயுள் 120 நாள். கிழடானதை மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் விழுங்கும் செல்கள் பிடித்து உடைத்து, உள்ளே இருக்கும் இரும்பைப் பிரித்தெடுத்து, ரத்தத்தில் திருப்பி விடுகின்றன. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதைச் சுமந்துகொண்டு போய் மஜ்ஜையில் சேர்க்கிறது. எந்த நேரத்திலும் அந்தப் புரதத்தின் மேல் இருக்கும் இரும்பு 3 மில்லிகிராம் அளவுதான். ஆனால் அது ஒரே நாளில் பல முறை இறங்கி ஏறிவிடுகிறது. உடம்பு ஒரு இரும்புத் துணுக்கைக்கூட வீணாக்குவதில்லை.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். உப்பு கூடினால் சிறுநீரகம் வெளியேற்றும். பொட்டாசியம் கூடினாலும் அப்படித்தான். இரும்புக்கு அந்த வழி கிடையாது. கூடுதலான இரும்பை வெளியே தள்ளுவதற்கு உடம்பில் எந்த ஏற்பாடும் இல்லை. இங்கிலாந்தில் ராபர்ட் மெக்கான்ஸ், எல்சி விடோசன் என்ற இருவர் 1937-38-இல் இதை வெளியிட்டார்கள். இரும்பை ரத்தநாளம் வழியாகவே செலுத்திவிட்டு, கழிவில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய ஒன்றுமே வரவில்லை. அப்படியானால் இரும்பின் அளவைக் கட்டுப்படுத்துவது வெளியேறும் இடத்தில் இல்லை, நுழையும் இடத்தில்தான் என்று அவர்கள் சொன்னார்கள். தோல் உதிர்வதிலும் குடலின் உட்சுவர் செல்கள் உதிர்வதிலும் நாளைக்கு 1 முதல் 2 மில்லிகிராம் தானாகப் போகும். அவ்வளவுதான்.

அண்ணனுடைய கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தில் 1 மில்லிலிட்டருக்கு அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். குடலில் தினமும் 10 மில்லிலிட்டர் கசிந்தால், அதாவது இரண்டு தேக்கரண்டி, 5 மில்லிகிராம் இரும்பு போய்விடும். அந்த அளவு ரத்தம் மலத்தில் கலந்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. குடல் தன்னால் முடிந்ததையெல்லாம் உறிஞ்சினாலும் தினமும் சில மில்லிகிராம் துண்டு விழுந்துகொண்டே இருக்கும். சேமிப்பில் ஒரு கிராம் இருந்தவருக்கும் ஒரு வருடத்துக்குள் அது காலியாகிவிடும். அதன் பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கவே ஆரம்பிக்கும். ஆக, 9.4 என்று முதல் ரிப்போர்ட் வந்த அன்றைக்கே அந்தக் கட்டி பல மாதங்களாக உள்ளே இருந்திருக்கிறது. மாத்திரை கசிந்ததை ஈடுகட்டியது. எண் ஏறியது. எண் ஏறியதைப் பார்த்து நாங்கள் குணமாகிவிட்டது என்று நினைத்தோம். ஓட்டை அப்படியே இருந்தது.

உங்கள் கட்டுரை சொன்ன மாத்திரை தவறில்லை. இரும்பு குறைந்தவருக்கு இரும்பு கொடுக்கத்தான் வேண்டும். அதோடு விசாரணை முடிந்துவிட்டதாக எழுதியதுதான் தவறு. வளர்ந்த ஆணுக்கும் மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்புக் குறைவால் ரத்தச்சோகை வந்தால், வயிற்றையும் குடலையும் பார்க்காமல் விடக்கூடாது. புற்றுநோயாக இருக்க வேண்டும் என்று இல்லை. வயிற்றுப் புண்ணாக இருக்கலாம். வருடக்கணக்கில் சாப்பிட்ட வலி மாத்திரையால் வந்த கசிவாக இருக்கலாம். கொக்கிப்புழுவாக இருக்கலாம். கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாமல் முன்சிறுகுடல் தேய்ந்துபோன சீலியாக் நோயாக இருக்கலாம். இரும்பு உறிஞ்சப்படும் இடமே அந்த முன்சிறுகுடல்தான். என்னவாக இருந்தாலும் ஒரு காரணம் இருக்கும்.

மாதவிடாய் வருகிற பெண்களிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை. பொம்பளைங்களுக்கு ரத்தம் கம்மியாத்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எங்கள் கூடத்துக்கு வந்த பெண்களில் எத்தனையோ பேர், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை துணி மாற்ற வேண்டியிருப்பதை இயல்பு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சுழற்சியில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனாலே அது அதிகப்போக்கு. அதற்குக் கர்ப்பப்பையில் கட்டியோ, ரத்தம் உறைவதில் பிறவியிலேயே குறையோ காரணமாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. ஹீமோகுளோபின் 12.3 இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணின் ஃபெர்ரிட்டின், அதாவது சேமிப்பு இரும்பைக் காட்டும் எண், 8 ஆக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். முடி கொத்தாக உதிர்கிறது, ராத்திரி கால் நிலைகொள்ளாமல் இழுக்கிறது, ஐஸ்கட்டியைக் கடித்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது என்று அந்தப் பெண் சொன்னதெல்லாம் இரும்புக் குறைவு பேசிய பேச்சு. யாரும் அதைக் கேட்கவில்லை.

ஃபெர்ரிட்டின் என்ற சொல்லை உங்கள் கட்டுரையில் தேடினேன், இல்லை. ஹீமோகுளோபின் கையில் இருக்கும் பணம் என்றால் ஃபெர்ரிட்டின் பெட்டகத்தில் இருப்பது. உள்ளே குழிந்த பந்துபோன்ற புரதம் அது. ஒரு பந்துக்குள் 4,500 இரும்பு அணுக்கள்வரை அடைத்து வைக்கலாம். இரும்பு சும்மா சுற்றித் திரிந்தால் ஆபத்து என்பதால்தான் இந்தப் பெட்டகம். கட்டற்ற இரும்பு, செல்லுக்குள் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து, கொழுப்பையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் அரிக்கும் பொருளை உண்டாக்கிவிடும். பெட்டகத்திலிருந்து ரத்தத்தில் கசிகிற சிறிதளவு ஃபெர்ரிட்டினைத்தான் நாங்கள் அளக்கிறோம். ஆரோக்கியமாக இருக்கும் பெரியவருக்கு அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் சேமிப்பு காலி என்று பொருள்.

'ஆரோக்கியமாக இருக்கும்' என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். என் அக்கா மகளுக்கு முடக்குவாதம், அந்த மூட்டுவீக்க நோய், பத்து வருடமாக இருக்கிறது. ஹீமோகுளோபின் 10.1. ஃபெர்ரிட்டின் 62. ரிப்போர்ட்டில் அது இயல்பான எல்லைக்குள் அச்சாகி வந்ததால், இரும்பு இருக்கிறது, களைப்பு நோயால் வருவது என்று இரண்டு வருடம் அப்படியே விட்டுவிட்டார்கள். அண்ணன் விஷயத்துக்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அவளை அழைத்துக்கொண்டு போய், டிரான்ஸ்ஃபெரினில் எத்தனை சதவீதம் இரும்பு ஏறியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். 9 சதவீதம். 20-க்குக் கீழே இருந்தாலே குறைவு. அவளுடைய ஃபெர்ரிட்டின் ஏன் அதை மறைத்தது என்று புரிய, ஹெப்சிடினைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கல்லீரல் சுரக்கும் சின்ன ஹார்மோன் அது. வெறும் 25 அமினோ அமிலங்கள். இவ்வளவு சின்னதாக இருந்ததாலோ என்னவோ, 2000-ஆம் ஆண்டு வாக்கில்தான் கண்ணில் பட்டது. முதலில் கிருமியைக் கொல்லும் பொருள் என்று நினைத்து அந்தப் பெயரை வைத்தார்கள். 'ஹெப்' என்றால் கல்லீரல், 'சிடின்' என்பது கொல்வதைக் குறிக்கும் விகுதி. பிறகுதான் உண்மையான வேலை தெரிந்தது. குடல் செல்லிலிருந்தும், விழுங்கும் செல்லிலிருந்தும், கல்லீரல் செல்லிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்கு வருவதற்கு ஒரே ஒரு வாசல்தான் உண்டு. ஃபெர்ரோபோர்ட்டின் என்று பெயர். ஹெப்சிடின் அந்த வாசலில் ஒட்டிக்கொண்டு அதையே செல்லுக்குள் இழுத்து அழிக்க வைத்துவிடும் என்பதை 2004-இல் நிரூபித்தார்கள். உடம்பில் இரும்பு போதுமான அளவு இருந்தால் ஹெப்சிடின் கூடும், வாசல்கள் குறையும். குடல் செல் உறிஞ்சி வைத்த இரும்பு ரத்தத்துக்குப் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சில நாளில் அந்த செல் உதிரும்போது மலத்தோடு போய்விடும். இரும்பு குறைந்தால் ஹெப்சிடின் குறையும், வாசல் திறக்கும். ரத்தம் இழந்து மஜ்ஜை வேகமாக உழைக்கும்போது, இளம் சிவப்பணுக்களே எரித்ரோஃபெர்ரோன் என்ற ஒரு ஹார்மோனை அனுப்பி, ஹெப்சிடினைக் குறைக்கும்படி கல்லீரலுக்குச் சொல்கின்றன. இது 2014-இல்தான் தெரிந்தது. வெளியேற்ற வழியில்லாத ஒரு பொருளை இவ்வளவு நுணுக்கமாக உள்ளே விடுகிற இந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

சரி, அக்கா மகளுக்கு வருவோம். கிருமித் தொற்றோ அழற்சியோ வந்தால் ஹெப்சிடின் வேறொரு காரணத்துக்காகக் கூடும். கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும். அவற்றுக்குக் கிடைக்காமல் செய்ய, உடம்பு இரும்பையெல்லாம் செல்லுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறது. சில நாள் காய்ச்சலுக்கு இது நல்ல தற்காப்பு. பத்து வருடம் ஓயாமல் எரிகிற மூட்டுநோயில் இதுவே கேடு. இரும்பு உள்ளேயும் வராது, உள்ளே இருப்பதும் மஜ்ஜைக்குப் போகாது. அதே அழற்சி ஃபெர்ரிட்டினையும் தனியாக ஏற்றிக் காட்டும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தொற்றோ அழற்சியோ இருக்கும் பெரியவர்களுக்கு ஃபெர்ரிட்டின் 70-க்குக் கீழே இருந்தாலே இரும்புக் குறைவு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. எங்கள் ரிப்போர்ட் தாளில் ஒரே எல்லைதான் அச்சாகியிருக்கும். நோயாளிக்கு அழற்சி உண்டா இல்லையா என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது. ஃபெர்ரிட்டின் எழுதும்போது, அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி. பரிசோதனையையும் சேர்த்து எழுதுங்கள் என்று மருத்துவர்களிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அக்கா மகளுக்கு வாய்வழி மாத்திரை வேலை செய்யாது என்று ரத்தநாளம் வழியாக இரும்பு ஏற்றினார்கள், மூட்டுநோய்க்கான மருந்தையும் மாற்றினார்கள். ஆறு மாதத்தில் மறுபடி வேலைக்குப் போனாள்.

மாத்திரை சாப்பிடும் முறையிலும் இதே ஹெப்சிடினுக்குப் பங்கு உண்டு. வேகமாக ஏறட்டும் என்று நாளைக்கு இரண்டு, மூன்று மாத்திரை சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். அதிக அளவு இரும்பு ஒரு தடவை வயிற்றுக்குள் போனாலே ஹெப்சிடின் 24 மணி நேரம்வரை உயர்ந்து நின்று, அடுத்த மாத்திரையிலிருந்து உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இரும்பு குறைந்த பெண்களிடம் இதை அளந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலான பங்கு உள்ளே போகிறது என்று 2017-இல் வெளியிட்டார்கள். உறிஞ்சப்படாமல் தங்கும் இரும்புதான் வயிற்றுப் புரட்டலும் மலச்சிக்கலும் தருவது. தாங்க முடியாமல் பாதியில் நிறுத்துபவர்கள், நிறுத்துவதற்கு முன் இதை மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம். மாத்திரையோடு தேநீரும் காபியும் வேண்டாம். கால்சியம் மாத்திரையைத் தள்ளி வையுங்கள். பரிசோதனைக்கு வருகிற அன்று காலையில் இரும்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வராதீர்கள், ரத்தத்தில் இரும்பின் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். ஆண்டுக்கணக்கில் இதை நான் ஜன்னலில் நின்று சொல்லியிருக்கிறேன்.

வெளியேற்ற வழி இல்லை என்பதன் இன்னொரு முகத்தையும் கட்டுரையில் காணோம். தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பிறவி நோய். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா குழந்தைகளின் ஃபெர்ரிட்டின் ஆயிரக்கணக்கில் வரும். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வருடத்துக்கு இருபது யூனிட் ஏற்றினால் 4, 5 கிராம், அதாவது வளர்ந்த ஒருவரின் மொத்த உடம்பில் இருப்பதைவிட அதிகம், ஒரே வருடத்தில் சேர்ந்துவிடும். அது இதயத்திலும் கல்லீரலிலும் கணையத்திலும் போய்ப் படியும். இரும்பைப் பிடித்து வெளியே இழுத்துவரும் மருந்தை அவர்கள் வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். இந்தக் குழந்தைகளின் பெற்றோருக்குத் தலசீமியா ஒரு மரபணுவில் மட்டும் இருக்கும். அவர்களுடைய சிவப்பணுக்களும் சிறியவையாகத்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு இரும்புக் குறைவு என்று வருடக்கணக்கில் மாத்திரை கொடுப்பது நடக்கிறது. ஃபெர்ரிட்டின் ஒன்றைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சிலருக்கு ஹெப்சிடின் சுரப்பதிலேயே பிறவிக் குறை உண்டு. வாசல் எப்போதும் திறந்தே இருப்பதால் வருடக்கணக்கில் இரும்பு குவிந்து, ஈரல் சுருங்கி, சர்க்கரை நோய் வந்து, தோல் கறுத்துப் போகும். அவர்களுக்கு வைத்தியமே அவ்வப்போது ரத்தத்தை எடுப்பதுதான். அப்படி ஒருவர், களைப்பாக இருக்கிறது என்று தானாகவே இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் என்ன ஆகும்?

வீட்டில் சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்பு மாத்திரை மிட்டாய்போல இருக்கும். ஒரு கைப்பிடி விழுங்கினால் இரண்டு வயதுக் குழந்தையின் உயிரே போகலாம். எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி நின்றுவிட்டது, குழந்தை தெளிவாக இருக்கிறது என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தேறியதுபோல் தோன்றிச் சில மணி நேரம் கழித்து மோசமாவது இந்த நஞ்சின் வழக்கம்.

அண்ணனுக்குக் கட்டி இருந்த குடல் பகுதியை வெட்டி எடுத்தார்கள். நிணநீர்க் கணுக்கள் மூன்றில் பரவியிருந்தது. ஆறு மாதம் கீமோதெரபி. பதினான்கு மாதம் முன்னால் தேடியிருந்தால் அந்த மூன்று கணுக்களும் சுத்தமாக இருந்திருக்குமா என்று அண்ணி ஒருநாள் என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இப்போது ஆறு வருடம் ஆகிறது. அண்ணன் நன்றாக இருக்கிறார். பரிசோதனை முடிந்ததும் மருத்துவரிடம் போவதற்கு முன்பே எனக்குப் போன் செய்து எண்களைப் படிப்பார். போன மாதம் படித்தது: ஹீமோகுளோபின் 14.1, ஃபெர்ரிட்டின் 64, சி.ஆர்.பி. இயல்பு.

உங்கள் பத்திரிகை பல வீடுகளுக்குப் போகிறது. மருத்துவப் பக்கத்தில் அடுத்த முறை ரத்தச்சோகை பற்றி எழுதும்போது, ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்கள்: மாத்திரை எழுதித் தரும் மருத்துவரிடம், இரும்பு ஏன் குறைந்தது என்று கேளுங்கள், மாத்திரையை நிறுத்தியதும் மறுபடி இறங்கினால் அதே மாத்திரையைத் திரும்ப வாங்காமல், கசிவு எங்கே என்று பார்க்கச் சொல்லுங்கள். இடம் குறைவு என்றால் என் கடிதத்தில் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டு இதை மட்டும் போட்டாலும் எனக்குச் சம்மதம்தான். அண்ணனிடம் கேட்டுத்தான் அவர் விவரங்களை எழுதியிருக்கிறேன். எங்கள் பெயர்களை மட்டும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரத்தப் பரிசோதனை நுட்பநர்